ரயில் போன பாலத்தில் என்ன பலகை வைப்பது? புக்கிட் தீமா இரும்புப் பாலம் பற்றி

வாசகர் கேள்வி, 11 மார்ச் 2023

சிங்கப்பூரில் கிங் ஆல்பர்ட் பார்க் பக்கத்தில் இருக்கிற பழைய ரயில் பாலத்தில் போன வாரம் நடந்தேன். நன்றாகப் புதுப்பித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரி இடத்துக்கு வரலாற்றுப் பலகை எதற்கு? யார் நின்று படிக்கிறார்கள்? ஒரு கியூஆர் குறியீடு ஒட்டிவிட்டால், வேண்டியவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள். பாலமும் சுத்தமாக இருக்கும்.

12 மார்ச் 2023, காலை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் அப்பா மலாயன் ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற தொழிலாளர் குழுவில், வேலை பார்த்தவர். நான் பிறந்தது 1964-ல். குயின்ஸ்வே பக்கம் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தேன். அதனால் இந்தப் பாதையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைப்பேசியில் படிப்பதை வீட்டில் சோபாவில் உட்கார்ந்தும் படிக்கலாம். பாலத்தின் மேல் நிற்கும்போதுதான் கை அந்த ஆணித்தலைகள் மேல் படுகிறது. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் பாதி எலுமிச்சம்பழம் மாதிரி. அவை ரிவெட். பழுக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுபக்கம் அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதைப் பலகையில் இரண்டு வரியில், அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால் படிக்கிறவன் உடனே கையை வைத்துப் பார்ப்பான். குறியீட்டை ஸ்கேன் செய்கிறவன் திரையைத்தான் பார்ப்பான்.

1903-ல் கட்டிய பாலம். 120 வருஷம் ஆன ஒன்றுக்கு ஒரு பலகை அதிகமா?

இன்னொன்று. ஆறேழு வயதில் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் மதியச் சோறு கொண்டுபோய் இதே பாலத்தடியில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். மேலே தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற கட்டைகளுக்கு நடுவில் அவர் முகம் தெரியும். எனக்கு அது வெறும் பாலம் இல்லை.

12 மார்ச் 2023, இரவு

காலையில் எழுதியதில் தப்பு. பாதைதான் 1903-ல் வந்தது, நகரத்தில் இருந்த டாங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வழியாக வடக்கு முனையில் இருக்கிற உட்லண்ட்ஸ் வரை. இந்தப் பாலம் 1932-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 30 வருஷம். கோபத்தில் எழுதும்போது வருஷங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பலகையில் இப்படி ஒரு தப்பு ஏறிவிட்டால் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள்!

15 மார்ச் 2023

ஏன் 1932 என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, பலகையின் முதல் வரியே இதற்கான பதிலாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் பாதை நகரத்துக்குள் நியூட்டன் பக்கமாக டாங்க் ரோட்டுக்குப் போனது. வழியில் சாலைகளைத் தரைமட்டத்தில் வெட்டிக்கொண்டு போகும். ரயில் வந்தால் கேட் மூடும், மாட்டுவண்டி, ரிக்‌ஷா, கார் எல்லாம் நிற்கும். கார்கள் பெருகப் பெருக இது பெரிய தொல்லையாகிவிட்டது. அதனால் புக்கிட் தீமாவிலிருந்து பாதையை மேற்குப் பக்கமாகத் திருப்பி, தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தார்கள். பாதை திரும்பும் இடத்தில் புக்கிட் தீமா சாலையைத் தாண்டியாக வேண்டும். மறுபடியும் கேட் வைக்காமல் சாலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அதுதான் இந்தப் பாலம்.

பாலத்தில் நின்று கீழே பார்த்தால் கார்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்காகத்தான் பாலத்தையே கட்டினார்கள். ஆகவே கீழே சாலையைப் பார்க்கிற பக்கம்தான் முதல் பலகை. நடக்கிறவருக்கு இதைச் சொல்லிவிட்டால் வருஷத்தை அவரே நினைவில் வைத்துக்கொள்வார்.

19 மார்ச் 2023

ஞாயிற்றுக்கிழமை. பசியாறிவிட்டுப் பாலத்துக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். யார் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன்.

ஒருவர்கூட ‘எந்த வருஷம் கட்டியது’ என்று கேட்கவில்லை. ‘இரண்டு ரயில் எதிரும் புதிருமாக வந்தால் என்ன செய்வார்கள்?’ என்று ஓர் அம்மா தன் கணவரிடம் கேட்டார். அவர், ‘அதெல்லாம் பார்த்துப் போவாங்க’ என்றார். ஒரு பையன் பக்கத்துக் கம்பிகளைக் காட்டி ஏன் எல்லாம் முக்கோணமாக இருக்கிறது என்று கேட்டான். ஒரு சின்னப் பெண், நாலு வயது இருக்கும், தண்டவாளம் எங்கே, ரயில் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: ‘ரயிலுக்கு நம்மளைப் பார்த்து வெட்கம்.’ அங்கே நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம்.

முக்கோணத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சியை முக்கோணமாகக் கட்டினால் சாயாது. ரயிலின் பாரம் விழும்போது மேல் விட்டம் நசுக்கப்படும், கீழ் விட்டம் இழுக்கப்படும், நடுவில் இருக்கிற சாய்வுக் கம்பிகள் பாரத்தைக் கைமாற்றி இரண்டு கரையிலும் இறக்கிவிடும். நடுவில் தூண் வேண்டாம், சாலைக்கு இடைஞ்சல் இல்லை. இதற்குப் படம் போட வேண்டும், எழுத்து கூடாது. அந்தப் பையன் உயரத்துக்குத்தான் படம் இருக்க வேண்டும், என் உயரத்துக்கு இல்லை.

20 மார்ச் 2023

அந்த அம்மா கேட்டதற்குப் பதில் பாலத்தில் இல்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கிற புக்கிட் தீமா நிலையத்தில் இருக்கிறது.

ஒற்றை ரயில்பாதை, போகவும் வரவும் அது ஒன்றுதான். ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு டோக்கன். சாவி மாதிரி ஓர் உலோகத் துண்டு. இரண்டு முனையிலும் இருக்கிற நிலையங்களில் இயந்திரப் பெட்டி, இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். ஒரு பக்கம் டோக்கன் வெளியே எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை இன்னொன்றை எந்தப் பக்கமும் எடுக்க முடியாது. அந்த டோக்கன் கையில் இருக்கிற ஓட்டுநர்தான் உள்ளே போகலாம். அதை ஒரு பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டிப் பிடிப்பார். ரயில் மெதுவாக வரும், எஞ்சினிலிருந்து கை வெளியே வந்து வளையத்தைக் கொத்திக்கொண்டு போகும். பழைய டோக்கனைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். 2011 ஜூன் 30, இந்தப் பாதையில் ரயில் ஓடிய கடைசி நாள் வரை புக்கிட் தீமாவில் இது நடந்தது. கடைசி வாரம் எத்தனையோ பேர் இதைப் படம் எடுக்கவே அங்கே வந்து நின்றார்கள். நானும் நின்றேன். மாஸ்டர் கை வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு ரயிலுக்கும் நேராக நீட்டிப் பிடித்தார்.

வளையத்தை ஒரு படத்தில் பார்த்துவிட்டு டென்னிஸ் மட்டை என்று நினைத்ததாக இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படித்தான் இருக்கும்! அதனால்தான் விளக்க ஒரு பலகை வேண்டும் என்கிறேன்.

நிலையத்தை 2022 ஜூலை 1 அன்று மறுபடி திறந்தார்கள். மேடைக்கு முன்னால் கொஞ்சம் தண்டவாளம் விட்டுவைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் குனிந்து தொட்டுப் பாருங்கள்.

26 மார்ச் 2023

போரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று தோன்றியது. 1942 பிப்ரவரியில் புக்கிட் தீமாவில் கடும் சண்டை. பிப்ரவரி 15 அன்று இதே சாலையின் மேல் பகுதியில் இருக்கிற ஃபோர்டு தொழிற்சாலையில்தான் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். அப்புறம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதைக்கு நம் தமிழர்களை ஆயிரக்கணக்கில் இந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஏற்றிப்போனார்கள். இதைப் பலகையில் கட்டாயம் எழுத வேண்டும்.

27 மார்ச் 2023

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். இரவெல்லாம் உறுத்தியது. மரண ரயில்பாதைக்குப் போன தமிழர்கள் பெரும்பாலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போகப்பட்டவர்கள். அவர்களை அந்தந்த ஊர்ப்பக்கம் இருந்த நிலையங்களிலேயே ரயிலில் ஏற்றினார்கள். இந்தப் பாலம் அவர்கள் போன வழியில் இல்லை.

இந்தப் பாலத்தைத் தாண்டிப் போனவர்கள் சிங்கப்பூரில் அடைபட்டிருந்த போர்க் கைதிகள். 1943 ஏப்ரலில் ஒரே பிரிவாக 7,000 பேரை, சரக்குப் பெட்டிகளில் அடைத்து, நாலைந்து நாள் பயணத்தில் சயாமின் பான் போங் வரை கொண்டுபோனார்கள். அவர்களில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வடக்கே போக வேறு ரயில்பாதை கிடையாது, எல்லாரும் இதன் மேல்தான் போயிருக்க வேண்டும்.

நம் மக்கள் பட்ட துயரம் மறக்கப்படக்கூடாது என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அதற்காக அவர்களை அவர்கள் வராத இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், படிக்கிறவன் ஒருநாள் கண்டுபிடிப்பான், பிறகு மற்றதையும் நம்ப மாட்டான். இந்தப் பாலத்தில் தமிழர் வந்த வழி வேறு. தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளிகள் இருந்தார்கள். மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். அதை எழுதுவோம்.

2 ஏப்ரல் 2023

பலகையில் தமிழ் வேண்டும் என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டும்தான். எந்தத் தமிழ் என்பதுதான் என் கவலை.

ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கிற தமிழை நான் பல இடங்களில் படித்து நொந்திருக்கிறேன். முதல் வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும். இந்தப் பாலத்தை எங்கள் குவாட்டர்ஸில் ‘இரும்புப் பாலம்’ என்போம். எஃகுதானே என்று திருத்தலாம், உண்மைதான், எஃகுதான். ஆனால் எஃகுப் பாலம் என்று யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தலைப்பில் இரும்புப் பாலம் என்று போட்டுவிட்டு, உள்ளே எஃகால் கட்டியது என்று ஒரு முறை சொன்னால் போதும். தண்டவாளத்துக்கு அடியில் இருப்பது ‘கட்டை’. ‘குறுக்குத் தாங்கி’ என்றெல்லாம் போட்டால் அப்பாவுக்கே புரிந்திருக்காது.

ரயில்பாதையையே அந்தக் காலத்து ஆட்கள் ‘கம்பிச்சடக்கு’ என்றார்கள். சடக்கு என்றால் சாலை, கம்பி போட்ட சாலை. மலாயாத் தமிழில் பிறந்து, அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிற சொல். இதைப் பலகையில் எங்காவது ஒரு மூலையில் பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

3 ஏப்ரல் 2023

‘கம்பிச்சடக்கு இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது’ என்று எழுதியவருக்கு: சொல்லிக்கொடுத்தால் புரியும். என் பேத்திக்கு நேற்று சொன்னேன். இன்றைக்கு எம்ஆர்டி ரயிலில் சுரங்கத்தில் போகும்போது ‘இது சுரங்கச்சடக்கு’ என்கிறாள்.

9 ஏப்ரல் 2023

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ரயில் எல்லை தாண்டி மலேசியாவுக்குப் போகும். 1998-ல் சிங்கப்பூர்க் குடிநுழைவுச் சோதனை உட்லண்ட்ஸுக்கு மாறியது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே நின்றது. ஆக 2011 வரை, முதலில் மலேசியாவுக்குள் நுழைந்ததாகக் கணக்கு முடித்துவிட்டு, பிறகு ரயிலேறி, அரைமணிக்கு மேல் சிங்கப்பூருக்குள்ளேயே போய், உட்லண்ட்ஸில் இறங்கி சிங்கப்பூரை விட்டுக் கிளம்புவதாகச் சோதனை. இந்தப் பாலத்தைத் தாண்டும்போது பெட்டியில் இருந்த எல்லாரும் காகிதத்தில் ஏற்கெனவே மலேசியாவில் இருந்தார்கள்! சன்னலுக்குக் கீழே ஓடுவது புக்கிட் தீமா சாலை.

கோலாலம்பூருக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது இதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். இது பலகையில் வேண்டுமா? ஆசைதான். ஆனால் ஒரு பலகையில் எல்லாவற்றையும் திணிக்கக்கூடாது. நிலையத்தில் வைக்கலாம்.

16 ஏப்ரல் 2023

இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அம்மாவுக்கு 83 வயது. புத்தாண்டுக்குப் போனபோது இந்த இழையில் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். தூக்குச்சட்டி கதை வந்ததும் நிறுத்தச் சொன்னார். ‘அது இந்தப் பாலம் இல்லடா. நம்ம குவாட்டர்ஸ் பக்கத்துல இருந்த சின்னப் பாலம். புக்கிட் தீமா எங்க, குயின்ஸ்வே எங்க? ஆறு வயசுப் பிள்ளைய அவ்வளவு தூரம் தனியா அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?’

அவர் சொல்வதுதான் சரி. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐம்பது வருஷமாக அந்த முகத்தை, கட்டைகளுக்கு நடுவில் தெரிந்த அந்த முகத்தை, நான் இந்தப் பெரிய பாலத்தில்தான் மாட்டிவைத்திருக்கிறேன். முகம் பொய்யில்லை. இடம்தான் மாறிவிட்டது.

பலகைக்கு முதியவர்கள் சொல்வதையெல்லாம் பதிவுசெய்ய வேண்டும் என்று நானே நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் படித்துக்காட்டிய பிறகுதான் எழுத வேண்டும், முடிந்தால் வீட்டில் சோறு கட்டிக்கொடுத்தவரிடம்.

அம்மா சொன்ன இன்னொன்று: குயின்ஸ்வே பக்கத்து முனீஸ்வரன் கோயிலை 1932-ல் ரயில்வே ஆட்கள்தான் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். பாலம் கட்டிய அதே வருஷம். இப்போது கோயில் காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. அப்பா காலையில் வேலைக்குப் போகும்முன் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவாராம்.

17 ஏப்ரல் 2023

ஒருவர் கேட்டிருக்கிறார், கேங்கில் வேலை செய்தவர்களின் பெயர்களைப் பலகையில் போட முடியாதா என்று. ஆரம்பத்தில் எனக்கும் அதுதான் ஆசை. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. என் அப்பா பெயரை நான் கொடுப்பேன். கொடுக்க ஆள் இல்லாத பத்துப் பேர் பெயர் விட்டுப்போகும். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதினால் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

வேலை என்றால் இதுதான். தரையில் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்க வேண்டும், மழைக்கு இளகும், மறுபடி இறுக்க வேண்டும். பாலத்தின் மேல் ஜல்லி கிடையாது, கட்டை நேராக இரும்பின் மேல். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வெறும் காற்று, கீழே சாலை. ஆணி தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். நல்ல கட்டைக்கு ஒரு சத்தம், உளுத்த கட்டைக்கு ஒரு சத்தம். அப்பா வீட்டு மேசை, நாற்காலியைக்கூட விரலால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

1 மே 2023

விடுமுறை. உட்கார்ந்து பலகை வாசகம் ஒன்று எழுதினேன். முதலில் 200 சொல் வந்தது, வெட்டி வெட்டி இவ்வளவுக்குக் கொண்டுவந்தேன்:

‘இரும்புப் பாலம், 1932. கீழே சாலையில் வண்டிகள் நிற்காமல் போவதற்காக ரயிலை மேலே ஏற்றினார்கள். 79 ஆண்டுகள் இதன் மேல் ரயில் ஓடியது. கடைசி ரயில் 2011 ஜூன் 30. இதைக் காத்தவர்கள் தண்டவாளத் தொழிலாளிகள், அவர்களில் பலர் தமிழர். கம்பிச்சடக்கு என்று இதை அழைத்தார்கள். முன்பு ரயில் போன பாதையில் இப்போது மக்கள் நடக்கிறார்கள்.’

7 மே 2023

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் நிறுத்தினார்.

‘இப்போது மக்கள் நடக்கிறார்கள்னா? அப்ப உங்கப்பா என்ன பறந்தாரா?’

எனக்கு வாயடைத்துவிட்டது. இந்த இழையில் கேள்வி கேட்டவரிலிருந்து நான் வரை எல்லாரும், ரயில் போனது முடிந்து நடைபாதை வந்தது என்றே பேசிக்கொண்டிருந்தோம். ரயில் ஓடிய காலத்திலும் ஒருவர் தினம் இதில் நடந்துகொண்டுதான் இருந்தார், கையில் சுத்தியலோடு, தளம் இல்லாமல், கைப்பிடி இல்லாமல்.

கடைசி வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில்:

‘ரயில் பத்திரமாகப் போவதற்காக, தொழிலாளி ஒருவர் சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தபடி இதன் மேல் நடப்பார். அன்று இந்தத் தளம் கிடையாது. கட்டைகளுக்கு நடுவில் கீழே சாலை தெரியும்.’

இது நடக்கத் தொடங்கும் முனையில், இடுப்பு உயரத்தில், ரிவெட் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முக்கோணப் படம் அதற்குக் கீழே, பையன்கள் உயரத்தில். கியூஆர் குறியீடு வேண்டும் என்று கேட்டவருக்காக அதையும் ஓர் ஓரத்தில் ஒட்டலாம், டோக்கன் வளையம் கைமாறுகிற காணொளியோடு. அம்மாவை அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தச் சின்னப் பாலம் இருந்த இடத்தையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.